பழைய ஜீப்பும் புதிய கடனும்

ஒருவர் பழைய மோட்டார் வாகனம் ஒன்றை விற்கிறார்; மற்றொருவர் வாங்குகிறார். இதிலே அரசியலுக்கு என்ன வேலை என்று வினவும் நண்பர்கள் நம்மிடையே உளர். நெல்லின் விலையிலே அரசியல் உண்டு, மீனின் விலையிலே அரசியல் உண்டு, மொழியிலும் மண்ணிலும் அரசியல் உண்டு என்று ஒப்புக்கொள்ளும் அவர்கள், ஒரு குடும்பம் தன் வாழ்நாட் சேமிப்பையும் ஐந்தாண்டுக் கடனையும் ஒருங்கே கொட்டி வாங்கும் பண்டத்திலே மட்டும் அரசியல் இல்லை என்கின்றனர். பனிச்சங்கேணிப் பாலத்தடியிலே நின்று, திருகோணமலை வீதியால் மட்டக்களப்பு நோக்கிப் போகும் வாகனங்களை ஒரு பொழுது எண்ணிப் பார்ப்பாராயின் அவர்கள் இவ்வாறு பேசார்.

ஒரு புறம் கடல், மறு புறம் களப்பு, நடுவே வீதி. புகையிரதம் இப்பக்கம் இல்லை. மட்டக்களப்புக்கு வரும் இருப்புப்பாதையும் திருகோணமலைக்குப் போகும் இருப்புப்பாதையும் கல்லோயாச் சந்தியிலே பிரிந்து தத்தம் வழியே போய்விடுகின்றன. இவ்விரு நகரங்களையும் கரையோரமாக இணைக்கும் தண்டவாளத்தை வெள்ளைக்காரனும் போடவில்லை, அவனுக்குப் பின் வந்தோரும் போடவில்லை. வாகரைப் பிரதேசத்திலே பிரசவ வேதனையுற்ற பெண்ணுக்கு ஆபத்து நேர்ந்தால் வாழைச்சேனைக்கோ மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ செல்ல வேண்டும். இறாலும் நண்டும் பிடிப்பவன் பனிக்கட்டி உருகுவதற்குள் சந்தையை அடைய வேண்டும். எனவே இங்குள்ளோர் வாகனம் தேடுவதை ஆடம்பரம் என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. தேர்தல் காலத்திலே மாளிகை போன்ற ஜீப்புகளில் வந்திறங்கி நமக்குச் சிக்கனத்தை உபதேசித்துச் செல்லும் பெருமக்களுக்குச் சிறிதும் இல்லை. தீர்வையின்றி வாகனம் இறக்கும் அனுமதிப் பத்திரங்களைப் பாராளுமன்ற உறுப்பினர் பலர் நீண்ட காலம் பெற்றனர் என்பதும், அவற்றுட் சில கைமாறிக் காசாயின என்பதும் நாடறிந்த கதை. அந்தக் கதை நிற்க.

நம்மவர் வாங்குவது எது? பெரும்பாலும் 'சின்ன ஜீப்' என்று ஊரிலே வழங்கும் பழைய யப்பான் வாகனம். பார்வைக்கு உயரமானது, குண்டும் குழியுமான பாதைக்கு ஏற்றது போல் தோன்றுவது, சாமானும் ஏற்றலாம், சம்பந்தி வீட்டுக்கும் போகலாம். தோற்றத்தை நம்பி ஏமாறும் முதற்படி இதுவே. இந்நாட்டு வீதிகளிலே மிகப் பரவலாகக் காணப்படும் ஹொண்டா வெசல் 2013 ஆம் ஆண்டு மார்கழியிலே யப்பானில் விற்பனைக்கு வந்தது. அது ஹொண்டா ஃபிட் என்னும் சிறிய காரின் அடித்தளத்தின் மீது எழுப்பப்பட்டது. உடை ஜீப்பினது, எலும்பு சிறு காரினது. பட்டணத்துத் தார் வீதிக்கு அது நல்ல வண்டியே. அதனை நான் மறுக்கவில்லை. களப்போரத்து மணல் ஒழுங்கையிலே, நனைந்த வலையும் பனிக்கட்டிப் பெட்டியும் ஏற்றிக்கொண்டு முதலாம் கியரிலே ஊர்வதற்காக அது படைக்கப்பட்டதன்று.

அதன் கலப்பு எஞ்சின் வகையிலே, கியர்களை மாற்றும் வேலையை இரண்டு உலர் கிளச்சுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று ஒற்றை எண் கியர்களையும் மற்றது இரட்டை எண் கியர்களையும் பற்றும். வேகமாக ஓடும்போது இவ்வமைப்பு எண்ணெயைச் சேமிக்கிறது. மிக மெதுவாக ஊரும்போதோ கிளச்சு முழுதும் பற்றாமலும் முழுதும் விடாமலும் வழுக்கிக்கொண்டே இருக்கும், வழுக்கினால் சூடு, சூடேறினால் தேய்வு. புறப்படும்போது உதறல், பின்னோக்கிச் செலுத்தும்போது தயக்கம், பின்னர் ஒரு நாள் வெப்ப எச்சரிக்கை விளக்கு, கடைசியாக நடுவீதியிலே நிற்றல் என்ற வரிசையிலே நோய் முற்றும். இது பனிச்சங்கேணியார் மட்டும் கண்ட குறையன்று. இந்தக் கியர் அமைப்பையும் எஞ்சினையும் ஆளும் கணிப்பொறிக் கட்டளைகளிலே பிழை கண்டு, 2014 ஆம் ஆண்டிலேயே ஹொண்டா கம்பனியார் ஃபிட், வெசல் வாகனங்களைப் பன்முறை திரும்ப அழைத்துத் திருத்தினர். ஜூலை மாதத்து அழைப்பு ஒன்றிலே மட்டும் ஏறத்தாழ 1,75,000 வாகனங்கள் அடங்கின. அவ்வாண்டு ஐப்பசியிலே கம்பனித் தலைவரே தம் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார். யப்பானிலே வாகனச் சொந்தக்காரன் வீட்டுக்குக் கடிதம் போயிற்று. அதே வாகனம் ஏலத்திலே விலைபோய்க் கப்பலேறி அம்பாந்தோட்டையில் இறங்கியபின், அக்கடிதம் யாருக்குப் போகும்? திருத்தம் செய்யப்பட்டதா இல்லையா என்பதை விற்பவன் சொல்லான். வாங்குபவன் கேட்க அறியான்.

ஒரு கம்பனியை மட்டும் குறை கூறுதல் நீதியாகாது. நிசான் எக்ஸ்-டிரெயில், ஜூக் முதலிய வண்டிகளிலே கியர்ச் சக்கரங்களுக்குப் பதிலாக, இரு கப்பிகளிடையே உருக்குப் பட்டியொன்று ஓடும் அமைப்பு உண்டு. அதற்கென்றே உரிய எண்ணெயைக் காலத்தில் மாற்றாவிடின் பட்டி வழுக்கும், ஊளையிடும், ஈற்றில் அறுந்த வள்ளத்துக் கயிறு போலப் பயனற்றுப் போகும். அமெரிக்காவிலே இவ்வமைப்புப் பற்றிய முறைப்பாடுகள் மலிந்தபடியால் அக்கம்பனியார் 2009 ஆம் ஆண்டில் அங்குள்ளோருக்கு உத்தரவாதக் காலத்தைப் பத்தாண்டாக நீட்டினர். அந்த நீட்டிப்பு அமெரிக்கனுக்கு. மட்டக்களப்பானுக்கு நீட்டப்பட்டது மெக்கானிக்கின் கட்டணச் சிட்டை.

கலப்பு வாகனங்களின் பெரிய பற்றரி இன்னொரு கண்ணி. அது பின்னாசனத்துக்குக் கீழோ சாமான் தட்டுக்குக் கீழோ இருந்து, வாகனத்தின் உள்ளேயிருக்கும் காற்றையே இழுத்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. அந்தக் காற்று வாயிலை மணலும் தூசும் அடைத்தால் பற்றரி வேகும். மாதக்கணக்கில் ஓடாது கிடந்தாலும் அதன் ஆயுள் குறையும். 2020 இல் கொரோனாவாலும், 2022 இல் எண்ணெய்ப் பஞ்சத்தாலும் இந்நாட்டிலே எத்தனை வாகனங்கள் கொட்டிலிலே உறங்கின என்பதை நினைத்துப் பாருங்கள். 2022 ஜூலையிலே பங்கீட்டு முறை வந்தபின்னும் வாரத்துக்குச் சில லீற்றர் என்றே வாழ்ந்தோம். அன்று உறங்கிய பற்றரிகள் இன்று விற்பனைக்கு வருகின்றன.

காற்றுப் பைகளைப் பற்றியும் ஒரு சொல். டக்காட்டா என்னும் யப்பான் கம்பனி செய்த பைகளிலே, அவற்றை ஊதச்செய்யும் அமோனியம் நைத்திரேற்று மருந்து, வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளிலே ஆண்டுகள் செல்லச் செல்லக் கெட்டு, வெடிக்கும்போது உலோகத் துண்டுகளை ஓட்டுநரின் மீதே வீசுவதாகக் கண்டறியப்பட்டது. உலகெங்கும் கோடிக்கணக்கான பைகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017 இல் அக்கம்பனி வங்குரோத்தாயிற்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பழைய ஹொண்டா சிஆர்வி போன்ற ஜீப்புகள் அவ்வழைப்பிலே அடங்கியவை. வெப்பமும் ஈரமும் மிக்க நாடு என்று ஆய்வாளர் சொல்வது எதனை? சித்திரை வெயிலையும் மார்கழி மழையையும் களப்புக் காற்றையும் ஒருங்கே தாங்கும் நமது கரையை விட அதற்குப் பொருந்தும் இடம் வேறு உண்டோ?

இனி உப்பு. நம் ஊரின் பெயரிலேயே பனிச்சை மரம் நிற்கிறது. அந்த மரத்துக் காயின் துவர்ப்பாலை வலைக்கு ஊட்டியும் வள்ளத்துக்குப் பூசியும் நம் முன்னோர் உப்பினின்றும் தம் உடைமையைக் காத்தனர். வள்ளம் வாங்கப் போகிறவன் முதலில் அதனைக் கவிழ்த்து அடிப்பலகையைத் தட்டிப் பார்ப்பான். அந்த அறிவு படைத்தவனின் பேரன், ஜீப்பு வாங்கப் போகும்போது மேற்பூச்சின் பளபளப்பையும் பாட்டுப்பெட்டியையும் பார்த்துவிட்டு முற்பணம் கொடுக்கிறான்! யப்பானின் வட பகுதியிலே பனிக்காலத்தில் வீதியிற் பனி இறுகாதிருக்க உப்புத் தூவுவர். அங்கு ஓடிய வாகனத்தின் அடிப்பாகம் இங்கு வருமுன்னரே அரிபட்டிருக்கும். உப்பிலே ஓடி உப்புக்கே வந்து சேரும் அவ்வாகனத்தின் பிறேக் குழாய்களும், றேடியேற்றரும், மின்கம்பி இணைப்புகளும், எஞ்சினைத் தாங்கும் சட்டமும் எத்தனை நாளைக்கு நிற்கும்? அடியிலே புதிதாகக் கரு வர்ணம் பூசிய வாகனத்தைக் கண்டால் வாங்குபவன் மகிழ்கிறான். அவன் ஐயுற வேண்டிய இடம் அதுவேயாகும்.

வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2025 கார்த்திகையின் பிற்பகுதியில் டித்வா சூறாவளி நம் கிழக்குக் கரையிலே ஏறி நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மலைநாட்டிலும் களனிப் பள்ளத்திலும் நீரிலே மூழ்கிய வாகனங்கள் எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விடும் என்று நம்புவது பேதைமை. கழுவி, உலர்த்தி, வாசனைத் தைலம் தெளித்து, அவ்வெள்ளத்தை நேரிற் காணாத தூரத்து ஊரவனுக்கே அவை விற்கப்படும். நீர் புகுந்த மின்னிணைப்பு முதல் மாதத்திலே கெடாது. ஆறாம் மாதத்திலோ பத்தாம் மாதத்திலோதான் தன் குணத்தைக் காட்டும்.

இத்தனையும் இயந்திரங்களின் குற்றம். இயந்திரத்துக்கு நாணயம் இல்லை. அது உள்ளதை உள்ளபடியே காட்டும். அதன் வாயை அடைக்கும் கலையைக் கற்றவர் மனிதரே. ஓடிய தூரத்தைக் காட்டும் இலக்கத்தைக் குறைப்பது, யப்பான் ஏலத்தாளிலே விபத்துக்குள்ளாகித் திருத்தப்பட்டதைக் குறிக்கும் ஆங்கில எழுத்து இருந்த இடத்தில் நல்ல புள்ளி ஒன்றை அச்சிடுவது, எச்சரிக்கை விளக்கை எரியச்செய்யும் பிழைப்பதிவைச் சிறு கருவியால் அழித்துவிட்டு அன்று மாலையே வாகனத்தை ஓட்டிக் காட்டுவது ஆகியவற்றையெல்லாம் ஒரு தொழிலாகவே நடத்துவோர் உளர். அவர்களுள் நம்மவர் இல்லை என்று சொல்லி நம்மையே நாம் ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். தெற்கிலிருந்து வாகனத்தைக் கொண்டுவரும் தரகன் தமிழன். அதனை நம்பி வாங்குபவனும் தமிழன். 'நம்ம பொடியன் பொய் சொல்லமாட்டான்' என்ற ஒரு சொல்லே இங்கு உத்தரவாதப் பத்திரமாக நிலவுகிறது.

இந்நிலைக்கு அரசாங்கத்தாரின் பங்கு யாது? 2020 பங்குனியிலே அந்நியச் செலாவணி தட்டுப்பட்டதும் வாகன இறக்குமதியை நிறுத்தினர். 2022 சித்திரை 12 ஆம் நாள் வெளிநாட்டுக் கடனைத் தீர்க்க இயலாதென்று அறிவித்தனர். டொலர் ஒன்று 200 ரூபாவளவில் இருந்து சில வாரங்களில் 360 ரூபாவைத் தொட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு வாயில் மீண்டும் திறந்தது 2025 மாசியிலேதான். இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்தாண்டுகளும் நாட்டிலுள்ள பழைய வாகனங்களே கை மாறிக் கை மாறி விலையேறின. ஐந்தாண்டு ஓட்டித் தேய்ந்த வண்டியை வாங்கிய விலைக்கு மேலே விற்ற அதிசயம் வேறெந்த நாட்டில் நிகழும்? உதிரிப் பாகத்துக்கு வங்கியிலே நாணயக் கடிதம் திறக்க இயலாத காலத்தில், ஒரு வண்டியின் நோயை மற்றொரு வண்டியின் கழிவால் மருத்துவம் செய்தனர். இன்று வாயில் திறந்திருப்பினும், எஞ்சினின் அளவைப் பார்த்து விதிக்கும் உற்பத்தி வரியும், சுங்க வரியும், 18 வீதப் பெறுமதி சேர் வரியும் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறி நிற்க, புதிய வாகனம் சாமானியனுக்கு எட்டாக் கனியே. ஆகவே அவன் பழையதை நாடுகிறான். பழையதை நாடுமாறு ஆளாக்கப்பட்டான் என்பதே பொருத்தம். இப்படி ஆளாக்கியவர்களுக்கு, அந்தப் பழையதன் தரத்தைக் காக்கும் கடமையும் உண்டன்றோ?

அக்கடமை எவ்வாறு ஆற்றப்படுகிறது என்று பார்ப்போம். தனியார் காருக்கோ ஜீப்புக்கோ ஆண்டு வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றும் போதும். புகை நல்லதாக இருந்தால் வாகனம் நல்லது! பிறேக் பிடிக்கிறதா, சட்டம் அரிபட்டிருக்கிறதா, காற்றுப் பை இருக்கிறதா என்று ஆண்டுதோறும் பார்ப்பார் எவருமிலர். பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்று கேட்கும் அரசு, ஆறு பேரை ஏற்றிக்கொண்டு இரவிலே வைத்தியசாலைக்கு ஓடும் ஜீப்பிடம் கேட்பதில்லை.

சட்டத்துக்கு வருவோம். நான் உண்டு வாழும் தொழில் அதுவாகையால், இங்கே சற்றுத் தரித்து நிற்க வாசகர் பொறுத்தருள வேண்டும். இந்நாட்டிலே ஜீப்பு முதல் மண்வெட்டி வரை அசையும் பொருள் யாவற்றின் விற்பனையையும் ஆள்வது 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம். 1893 இல் இங்கிலாந்திலே இயற்றிய சட்டத்தைப் பார்த்து, மூன்றாண்டுக்குள் இங்கே எழுதிக்கொண்ட படி அது. 'வாங்குபவனே விழித்திரு' என்ற பழைய இலத்தீன் வாசகம் அதன் அடித்தளம். அதற்கு விலக்குகள் உண்டு. அப்பொருளையே விற்பனை செய்யும் வணிகனிடம் விவரணம் கேட்டு வாங்கினால், பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்தினதாய் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சட்டம் தானே உட்புகுத்துகிறது. ஆயினும் வாங்குபவன் பொருளைப் பரிசோதித்திருந்தால், அப்பரிசோதனையிலே புலப்பட்டிருக்க வேண்டிய குறைக்கு அந்நிபந்தனை பொருந்தாது. 'பார்த்துத்தானே வாங்கினாய்?' என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுப்பும் கேள்விக்குப் பிறப்பிடம் இதுவே. விற்றவன் வணிகனாக இல்லாமல் தனியாளாக இருந்தாலோ அந்த விலக்கும் இல்லை.

இந்த ஓட்டையை நம் வணிகர் நன்கறிவர். வாகனத்தை ஒருவனிடம் வாங்கும்போது கைமாற்றப் பத்திரத்திலே விற்பவனின் ஒப்பத்தை மட்டும் பெற்று, வாங்குபவனின் பெயரை வெறுமையாக விட்டுவைப்பர். 'ஓப்பன் பேப்பர்' என்று அதற்குச் செல்லப்பெயர். பின்னர் நீங்களும் நானும் வாங்கும்போது நம் பெயர் அவ்வெற்றிடத்தில் எழுதப்படும். பத்திரத்தின்படி, எங்கோ குருநாகலிலோ காலியிலோ இருக்கும் முன் கண்டிராத ஒருவர் நமக்கு விற்றார். இடையிலே இலாபம் தின்ற வணிகன் அங்கே இல்லவே இல்லை! அவன் தரகுக்கு நின்ற நல்லெண்ணக்காரன் மட்டுமே. வழக்குத் தொடுப்பது யார் மீது?

இதனிலும் கொடிது லீசிங் என்னும் கண்ணி. பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிதிக் கம்பனியின் பெயர். பதிவு செய்த உரிமையாளர் என்ற இடத்தில் நம் பெயர். வாகனம் நல்ல நிலையிற் கிடைத்தது என்று ஒரு தாளிலே முதல் நாளே ஒப்பம் வாங்கிவிடுவர். வாகனம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தவணை ஓடும் என்பதே என் மேசைக்கு வந்த உடன்படிக்கைகள் பலவற்றின் சாரம். அவற்றை ஒப்பமிட்டவர்கள் வாசித்தறியாத ஆங்கிலத்தில் அச்சாரம் எழுதப்பட்டிருந்தது. 1956 இலே சிங்களம் மட்டும் என்ற சட்டத்தை எதிர்த்து நம் மூத்தோர் காலிமுகத்திடலிலே அடிபட்டனர். 1987 இல் அரசியலமைப்பிலே தமிழும் அரசகரும மொழியாயிற்று. அந்த உரிமை கச்சேரிக்குள் நம்முடன் வரும்; கடன் கொடுக்கும் தனியார் கம்பனியின் வாயிலிலே செருப்போடு கழற்றி வைக்கப்படுகிறது. 2023 இல் மத்திய வங்கி நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளைப் பிரசுரித்தது. நல்ல காரியம். வர்த்தமானியிலே உள்ளது வாகரையிலே நடைபெறுகிறதா என்று பார்க்க ஓர் அதிகாரியாவது இங்கு வந்ததுண்டா?

இப்பகுதி இறால் வியாபாரி ஒருவரின் அலுவலை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கம்பனியின் வாகனம், எந்த நிதி நிறுவனம் என்பன இங்கே வேண்டா. தெற்கிலிருந்து தரகர் மூலம் வந்த சின்ன ஜீப்பு. மனைவியின் நகை முற்பணமாயிற்று. மிகுதிக்கு அறுபது மாதத் தவணை. ஏழாம் மாதத்திலே கியர்பெட்டி நின்றது. திருத்தச் செலவு பல இலட்சம். திருத்தப் பணமில்லை, ஓடாததால் வருவாயில்லை, வருவாயின்மையால் மூன்று தவணை தவறிற்று, வாகனத்தை எடுத்துச் சென்றனர். பின்னர் ஏலத்திலே விற்ற விலைக்கும் கடனுக்கும் இடைப்பட்ட தொகையைக் கட்டுமாறு சட்ட அறிவித்தல் வந்தது. ஆங்கிலத்தில் இருந்த அந்த அறிவித்தலை வாசித்துச் சொல்லுமாறு கேட்கவே அவர் என்னிடம் வந்தார். வாகனமும் இல்லை, நகையும் இல்லை, கடன் மட்டும் உண்டு. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் போகலாமா என்றார். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, விற்பனை நிகழ்ந்த மூன்று மாதத்துக்குள் எழுத்திலே முறைப்பாடு செய்ய வேண்டும். ஏழாம் மாதத்திலே நின்றுபோகும் கியர்பெட்டிக்கு அந்தச் சட்டம் தெரியாது போலும்!

இதற்கு மாற்று இல்லையா? நம் நாட்டுச் சட்டத்தின் மற்றொரு கிளையிலேயே உண்டு. உரோமாபுரிச் சந்தையிலே அடிமையையும் மாட்டையும் விற்றவன், அதற்குள்ள நோயையும் குணக்கேட்டையும் வெளிப்படச் சொல்ல வேண்டும் என்று சந்தை அதிகாரிகள் ஆணையிட்டிருந்தனர். சொல்லாவிடின் வாங்கியவன் பண்டத்தைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். அல்லது விலையிலே குறைப்புக் கேட்கலாம். விற்றவன் தனக்கே அந்தக் குறை தெரியாது என்று சொல்லித் தப்ப இயலாது. அந்த விதி ஒல்லாந்தர் வழியாக இலங்கைக்கு வந்து, இன்றும் காணி வீடுகளின் விற்பனையிலே உயிரோடு இருக்கிறது. 1896 இன் கட்டளைச்சட்டம் வந்ததும் அசையும் பொருளினின்று அது விலக்கப்பட்டது. ஈராயிரம் ஆண்டுக்கு முன் உரோமாபுரியிலே மாடு வாங்கியவனுக்கு இருந்த பாதுகாப்பு, இன்று பனிச்சங்கேணியிலே ஜீப்பு வாங்குபவனுக்கு இல்லை!

நாம் எந்தச் சட்டத்தைப் பார்த்து எழுதினோமோ அந்த இங்கிலாந்துக்காரனே அதனைக் கைவிட்டுவிட்டான் என்பது இதனிலும் வேடிக்கை. 1979 இல் அதனைப் புதுக்கினான். 2015 இன் நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, வணிகனிடம் பழைய கார் வாங்கியவனும் முப்பது நாளுக்குள் குறை கண்டால் அதனைத் திருப்பிவிடலாம். ஆறு மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால், விற்கும்போதே அக்குறை இருந்தது என்று சட்டம் ஊகிக்கும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவனின் பாடு. அமெரிக்காவிலே 1985 முதல், பழைய கார் விற்கும் வணிகன் உத்தரவாதம் உண்டா இல்லையா என்ற விவரத்தைக் கண்ணாடியிலே ஒட்டி வைக்க வேண்டும். நமக்கோ 1896. 1997 இல் நேர்மையற்ற ஒப்பந்த நிபந்தனைகள் பற்றிய சட்டம் ஒன்று இங்கும் வந்தது. உட்புகுத்திய நிபந்தனைகளை அச்சிட்ட வாசகத்தால் வணிகன் தள்ளிவிடுவதை அது மட்டுப்படுத்துகிறது. ஆனால் பத்திரத்திலே வணிகனே காணாமற்போய்விடும் வியாபாரத்துக்கு அதனால் என்ன பயன்?

ஆகவே நாம் கேட்பன இவை. வெறும் பத்திரத்தில் வாகனம் விற்கும் வணிகனைத் தரகனென்று கருதாது விற்பனையாளன் என்றே கருதும் வகையில் கட்டளைச்சட்டம் திருத்தப்பட வேண்டும். ஆறு மாத ஊகம் இங்கும் வர வேண்டும். வாகனத்தின் மீது கடன் கொடுத்து வட்டி தின்னும் கம்பனி, அந்த வாகனத்தின் தரத்திலும் பங்கேற்க வேண்டும். மூன்றாம் மாதத்தில் செத்த வாகனத்துக்கு அறுபதாம் மாதம் வரை தவணை கேட்பது எந்த நீதி? இவை பாராளுமன்றத்தின் வேலை. அங்கே நம் பிரதிநிதிகள் பேச வேண்டியவை. மற்றொன்று மாகாணத்தின் வேலை. வருமான அனுமதிப்பத்திரப் பணத்தை வசூலிப்பது மாகாண மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம். நம் பணத்தைப் பெறும் அத்திணைக்களம், மட்டக்களப்பிலே வாகனத்தைத் தூக்கி அடியைப் பார்க்கும் பரிசோதனை நிலையம் ஒன்றை ஏன் நிறுவலாகாது? கேட்கலாம். ஆனால் யாரிடம் கேட்பது? கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 புரட்டாதியிலே முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை. ஆளுநர் இருக்கிறார், சபை இல்லை. அதிகாரப் பகிர்வு என்று நாம் மேடையிலே முழங்குவது வானத்திலே தொங்கும் தத்துவமன்று. ஒரு ஜீப்பின் அடித்தட்டைப் பார்க்க ஆளில்லாத குறையும் அதற்குள்ளே அடங்கும்.

சட்டம் திருந்தும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வாய்ச்சொல் நீதிமன்றத்திலே நில்லாது; எழுதிய சொல் நிற்கும். ஆதலின் நம் ஊர்க் கிளைகளும் மீனவர் சங்கங்களும் தமிழிலே ஒற்றைத் தாள் ஒன்றை அச்சிட்டு வைக்கலாம். இவ்வாகனம் வெள்ளத்திலே மூழ்கியதில்லை. பெரு விபத்துக்குள்ளாகித் திருத்தப்பட்டதில்லை. ஓடிய தூரம் மாற்றப்படவில்லை. கம்பனியார் திரும்ப அழைத்த திருத்தங்கள் செய்யப்பட்டன அல்லது செய்யப்படவில்லை. காற்றுப் பைகள் உள்ளன என்ற வாசகங்களை அதில் எழுதி, பணத்தை உண்மையிலே பெறுபவன் எவனோ அவன் தன் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இட்டு ஒப்பமிட வேண்டும். வாகனத்தின் சட்ட இலக்கத்தைக் கொண்டு, யப்பான் கம்பனிகளின் திரும்ப அழைப்பு விவரத்தைக் கைத்தொலைபேசியிலேயே தேடிப் பார்க்க நம் இளைஞர் அறிவர். அந்த உதவியை அவர்கள் சம்பளமின்றிச் செய்வர். பிழைப்பதிவு அண்மையில் அழிக்கப்பட்டதா என்பதைப் பல வாகனங்களில் கருவி கொண்டு அறியலாம். விற்பவனுக்கு வேண்டாத மெக்கானிக் ஒருவரை, முற்பணம் கொடுக்குமுன்னரே, கூலி கொடுத்து அழைத்துச் செல்ல வேண்டும். காலையிலே, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும்; பார்த்தபின் மணலிலே அரை மணி நேரம் மெதுவாக ஓட்டிப் பின்னோக்கியும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஒப்பமிட்ட தாளின் படியொன்று வாங்குபவனிடம் இருக்கட்டும். மற்றொன்றைக் கடன் உடன்படிக்கையிலே கைவைக்குமுன் நிதிக் கம்பனியிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்க வேண்டும். மூன்றாவதைச் சங்கத்துக் கோவையிலே வைத்தால், அதே தரகர் அடுத்த வாகனத்தோடு வாகரைக்கோ கதிரவெளிக்கோ வரும்போது எடுத்துப் பார்க்க உதவும்.